புதுச்சேரி சாக்லேட் வெயிலில் உருகவே இல்லையா? லேபிளில் இந்த ஒரு வரியைப் பாருங்க!

புதுச்சேரிக்கு டூர் போனவர்கள் திரும்பும்போது கையில் ஒரு பாக்ஸ் சாக்லேட் இருப்பது வழக்கமாகிவிட்டது. 2020-ல் பாடகர் எஸ்.பி.பி.க்கு 339 கிலோ சாக்லேட்டில் ஆளுயரச் சிலை வைத்த 'ஜுகா' கடை இங்கேதான். பக்கத்தில் ஆரோவில்லில், 2014-ல் தொடங்கிய 'மேசன் அண்ட் கோ' தென்னிந்தியத் தோட்டங்களின் கோகோ கொட்டையை வாங்கி, அதிலிருந்தே சாக்லேட் தயாரிக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் விலையை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கு: நீங்கள் வாங்குவது சாக்லேட்தானா?

உருகினால்தான் ஒரிஜினலா?

கோகோ கொட்டையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதுதான் கோகோ பட்டர். சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. புதுச்சேரியில் மே மாத வெயில் 38 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத கடையில் நல்ல சாக்லேட் தாக்குப்பிடிக்காது.

இதற்குக் குறுக்கு வழிதான் 'கம்பவுண்ட்'. கோகோ பட்டருக்குப் பதில் பாம் கெர்னல் போன்ற தாவரக் கொழுப்பு, கூடவே கோகோ பவுடர், சர்க்கரை. விலையும் குறைவு, சீக்கிரம் உருகவும் செய்யாது. 'ஹோம்மேட்' என்று லூஸில் விற்பதில் இதைப் பயன்படுத்துபவர்கள் உண்டு.

நம் நாட்டு விதிப்படி சாக்லேட்டில் வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதம் வரைதான் சேர்க்கலாம், அதையும் லேபிளில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய யூனியனும் 2000-ல் இதே 5 சதவீதத்தை அனுமதித்தது. அப்போது பிரெஞ்சு சாக்லேட் தயாரிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிரெஞ்சு பெயரில் போர்டு வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்!

2024 டிசம்பரில் சர்வதேசச் சந்தையில் கோகோ ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. அந்த விலையேற்றத்தின் தொடர்ச்சியாக, பிரிட்டனில் 'பெங்குவின்', 'கிளப்' பிஸ்கட்டுகள் கோகோவைக் குறைத்தன. இப்போது அவற்றின் கவரில் 'சாக்லேட்' இல்லை, 'சாக்லேட் ஃபிளேவர்'தான்.

உடம்புக்கு என்ன வித்தியாசம்?

கோகோ பட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டீரிக் அமிலம். இது கெட்ட கொலஸ்ட்ராலைப் பெரிதாக ஏற்றுவதில்லை. பாம் கெர்னல் கொழுப்பில் அதிகமுள்ள லாரிக் அமிலம் ஏற்றும்.

அடுத்து சர்க்கரை. மில்க் சாக்லேட்டில் பாதி சர்க்கரைதான். 40 கிராம் பார் ஒன்றில் சுமார் 20 கிராம், அதாவது 5 டீஸ்பூன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள டார்க் சாக்லேட்டில் சர்க்கரை குறைவு; மெக்னீசியம், இரும்புச்சத்து அதிகம். அதற்காக அள்ளிச் சாப்பிட முடியாது. 100 கிராமில் 600 கலோரி இருக்கு. 2022-ல் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' சோதித்த 28 டார்க் சாக்லேட்டுகளிலும் காட்மியம், ஈயம் இருந்தது தெரிந்தது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தினமும் சாப்பிட வேண்டாம்.

கடையில் என்ன பார்க்கணும்?

லேபிளில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். சர்க்கரைக்கு அடுத்து 'வெஜிடபிள் ஃபேட்' என்றிருந்தால், அது கம்பவுண்ட். லூஸ் சாக்லேட் என்றால், "கோகோ பட்டரா, கம்பவுண்டா?" என்று கேட்டுடுங்க.

ஈசிஆர் பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் சாக்லேட் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போட்டுடாதீங்க. உருகிய கோகோ பட்டர் மேலே வந்து மறுபடி உறைந்திருக்கும், அவ்வளவுதான். தாராளமாகச் சாப்பிடலாம்.