மருந்தும் ஓர் அமானிதமே!

 

சென்ற மாதம் ஒரு நாள், காலை மக்தபுக்கு வந்த சிறுவன் ஒருவன், ஓத அமர்வதற்கு முன்பாக ஒரு மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்தான். "ஹஜ்ரத், எட்டு மணிக்கு இதுல ஒண்ணு போட்டுவிடச் சொன்னாங்க அம்மா" என்றான். அட்டையில் நான்கு மாத்திரைகள் எஞ்சியிருந்தன. அதன் பின்புறத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. விசாரித்தபோது, அது அவனுக்காக வாங்கியதன்று. சில மாதங்களுக்கு முன் அவனுடைய அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது வாங்கியதில் மீந்தது என்று தெரிந்தது. இவனுக்கோ மூக்கொழுகலும் இலேசான உடற்சூடும்தான்.

அந்தத் தாயைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. வேப்பந்தட்டைப் பக்கத்தில் பருத்திக் காட்டுக்கும் சின்ன வெங்காயக் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பெரம்பலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. மீந்த மாத்திரை அலமாரியில் இருக்கும்போது அதை எடுக்கத்தானே கை போகும்? மேலும், அதே பிழையைச் செய்தவன் நான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குக் காலில் ஒரு புண் ஏற்பட்டது. அவர் சர்க்கரை நோயாளி. "சாதாரணப் புண்தானே" என்று எண்ணி, மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாளில் வலி குறைந்தது, நிறுத்திவிட்டோம். மீண்டும் வலித்தது, மீண்டும் வாங்கினேன். இம்முறை "கொஞ்சம் பவரானது" கேட்டு வாங்கினேன். இப்படியே இரண்டு மாதங்கள் ஓடின. முடிவில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. அதன் பின்னும் புண் ஆறவில்லை. சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அந்த அறிக்கையை நான் மறக்க இயலாது. வரிசையாக மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓர் ஆங்கில எழுத்து. 'எஸ்' என்றிருந்தால் அம்மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். 'ஆர்' என்றிருந்தால் கட்டுப்படாது. மேலிருந்து கீழ்வரை 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்றே இருந்தது. இரண்டே இடங்களில்தான் 'எஸ்'. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு முன் என்னென்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்பதுதான். எனக்கு நா எழவில்லை. "இக்கிருமி வீட்டிலிருந்து வந்ததா, இங்கே வார்டில் தொற்றியதா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அரைகுறையாகக் கொடுத்த மருந்துகள் இதற்கு வழி திறந்திருக்கும்" என்றார் அவர். எஞ்சிய இரண்டில் ஒன்றை 14 நாட்கள் ஊசி வழியாகச் செலுத்தினார்கள். அல்லாஹ்வின் கருணையால் தாயார் வீடு திரும்பினார். ஒரு விரலை மட்டும் இழந்து.

பழகுவது உடம்பன்று, கிருமி!

"இந்த மருந்து என் உடம்புக்குப் பழகிவிட்டது, இனிக் கேட்காது" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. உண்மையில் பழகுவது நம் உடம்பன்று, உடம்பிலுள்ள கிருமி. பாக்டீரியா எனும் நுண்கிருமிகளில் சில, சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தே மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டிவிடும். அக்கூட்டத்தில் தற்செயலாக ஏதோ ஒன்றுக்கு மருந்தைத் தாங்கும் தன்மை அமைந்துவிடுகிறது. ஆண்டிபயாடிக் மருந்து எளிய கிருமிகளை அழிக்க, தாங்கும் கிருமி மட்டும் தடையின்றிப் பெருகுகிறது. அதுமட்டுமா? அத்தன்மையை வேறு இனக் கிருமிகளுக்கும் கைமாற்றிக் கொடுக்க அதனால் இயலும்!

சளி, சாதாரண ஃப்ளூ காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள் அல்ல, வைரஸ்கள். அவற்றின்மீது ஆண்டிபயாடிக் சிறிதும் வேலை செய்யாது. ஆனால் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அது வீணான பயிற்சியைத் தந்துவிடும்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்காக நோபல் பரிசு பெற்ற 1945-ஆம் ஆண்டிலேயே இந்த ஆபத்தைச் சொல்லி வைத்தார். பரிசேற்புச் சொற்பொழிவில் அவர் ஒரு கற்பனைக் குடும்பத்தை உதாரணம் காட்டினார். தொண்டை வலி கண்ட கணவன் தானாகவே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் உட்கொள்கிறான். பிழைத்த கிருமி மருந்தைத் தாங்கக் கற்றுக்கொண்டு அவன் மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா காண்கிறது, பெனிசிலின் பலிக்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். அரைகுறையாக மருந்துண்டவன் கணவன். உயிரை இழந்தவள் மனைவி!

சென்னையில் கண்ட எச்சரிக்கை

இத்தகைய கிருமிகள் மிகுதியாகக் கூடுமிடம் மருத்துவமனை. அங்கே வலுவான மருந்துகள் ஓயாமல் புழங்குகின்றன. அறுவைக் காயமும் சிறுநீர்க் குழாயும் சுவாசக் குழாயும் கிருமிகளுக்கு வாசல்களாகின்றன. நோயாளியோ எதிர்க்கும் வலுவற்றவர். ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்குக் கிருமியைச் சுமந்து செல்வது பெரும்பாலும் மனிதக் கைகளே.

2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியாகி உலகை உலுக்கியது. அதன் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையும் சிதைக்கும் 'என்.டி.எம்.-1' எனும் நொதியைக் கொண்ட கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் காணப்பட்டதாக அது தெரிவித்தது. பெயரில் புதுடெல்லி இடம்பெற்றதால் பெரும் சர்ச்சை மூண்டது. பெயர் எதுவாயினும் நோய் நோய்தானே!

இதனையடுத்து 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஒரு செயல்திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' எனப்படும் அதனை ஒருங்கிணைத்தவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். மருத்துவரே இல்லாத கிராமங்கள் உள்ள நாட்டில் எல்லா ஆண்டிபயாடிக்குகளையும் ஒரே நாளில் கட்டுப்படுத்த முடியாது. உயர்நிலை மருந்துகளிலிருந்து படிப்படியாகத் தொடங்குவோம் என்ற நடைமுறை நோக்கு அதில் இருந்தது. 2014 மார்ச் முதல் 46 மருந்துகள் 'ஹெச்-1' பட்டியலில் வந்தன. மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. 2016-இல் சிவப்புக் கோட்டின் பொருளை மக்களுக்கு விளக்கும் இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது. 'மருத்துவரைக் கேளாமல் உண்ணாதே' என்பதே அக்கோட்டின் பொருள்.

ஆயினும் ஆபத்து விலகவில்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக, உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகப் பன்னாட்டு ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது.

கப்பலின் கீழ்த்தளம்

"என் உடம்பு, என் காசு, என் மாத்திரை, இதில் பிறருக்கென்ன?" என்று ஒருவர் கேட்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் பதிவான கப்பல் உவமையை நினைவுகூருங்கள். சீட்டுக் குலுக்கி, சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம்பெறுகின்றனர். தண்ணீருக்காக மேலே போய்ப் பிறரைத் தொந்தரவு செய்வானேன், நம் பகுதியிலேயே ஓட்டை போட்டுக்கொள்வோம் எனக் கீழ்த்தளத்தார் எண்ணுகின்றனர். அவர்களின் எண்ணம் தீயதன்று. ஆயினும் தடுக்காமல் விட்டால் அனைவரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர்.

அலமாரியில் எஞ்சிய மாத்திரையை எடுக்கும் கையும் தீய எண்ணத்தால் எடுப்பதில்லை. ஆனால் அது போடும் ஓட்டை, எங்கோ ஒரு வார்டில் குறைமாதக் குழந்தையின் தொட்டிலடியில் நீராய்ப் புகுகிறது. பலிக்கும் மருந்து அல்லாஹ் நம் அனைவரிடமும் ஒப்படைத்த அமானிதம். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்திலமைந்த நபிமொழி அபூதாவூதில் உள்ளது. கடைக்காரரும் நாமும் அஞ்ச வேண்டிய எச்சரிக்கையன்றோ இது?

நலம் விசாரிக்கச் செல்லும்போது

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். அதில் ஐயமில்லை. ஆனால் குடும்பம் முழுவதும் திரண்டு சென்று, நோயாளியின் கட்டிலிலேயே அமர்ந்து, கைக்குழந்தையையும் அதில் கிடத்தி, பக்கத்துக் கட்டில்காரரையும் தொட்டு விசாரித்துத் திரும்புவது சுன்னத்தன்று. ஓரிருவர் செல்லுங்கள், சிறிது நேரம் இருங்கள், துஆச் செய்துவிட்டு எழுந்து வாருங்கள். உள்ளே நுழையுமுன்னும் வெளியேறிய பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். "ஒளுவோடுதானே வந்தேன்" என்பது போதாது. வழியில் கதவையும் கைப்பிடியையும் தொட்டிருப்போம்.

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் எனும் மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் டாக்டர்களைக் குளோரின் நீரில் கை கழுவச் செய்தார். ஏறத்தாழ 18 சதவீதமாக இருந்த தாய்மார் மரணம், சில மாதங்களில் சுமார் 2 சதவீதமாகக் குறைந்தது. வார்டு வாசலில் வைத்திருக்கும் கைத்திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறதே எனத் தயங்குவோர்க்கு ஒரு செய்தி: மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 2002-ஆம் ஆண்டிலேயே, கிருமிநாசினியாக அதை மேலுக்குப் பயன்படுத்துவதை அனுமதித்துள்ளது.

இல்லத்தரசிகள் கவனத்திற்கு

மருத்துவர் சீட்டின்றி ஆண்டிபயாடிக் கேட்காதீர்கள். சளிக்கு அதை எழுதித் தரும்படி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்கள் வரை கொடுங்கள். ஒருவருக்கு வாங்கியதை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக் கோழி சுணங்கினால் மனிதருக்கான கேப்சூலைப் பிரித்து அரிசியில் கலக்காதீர்கள். கார்பபெனமும் தோற்றபின் கைகொடுக்கும் கோலிஸ்டின் எனும் மருந்து கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்ததால், 2019 ஜூலையில் அரசு அதற்குத் தடை விதிக்க நேர்ந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அன்று அச்சிறுவனுக்கு அந்த மாத்திரையை நான் கொடுக்கவில்லை. ஓதி முடிந்ததும் நானே அவன் வீட்டுக்குச் சென்று, என் தாயாரின் கதையைச் சொன்னேன். அந்தச் சகோதரி அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். ஓய்வும் வெந்நீரும் காய்ச்சல் மாத்திரையும் போதும் என்றார்களாம். நான்காம் நாள் வழக்கம் போல் முதல் வரிசையில் உட்கார்ந்து உரக்க ஓதினான்.

நோயைத் தந்து, அதற்கு நிவாரணத்தையும் இறக்கியருளிய வல்ல ரஹ்மான், அந்த நிவாரணத்தை நம் கைகளாலேயே பாழாக்கும் அறியாமையிலிருந்து நம்மையும் நம் சந்ததிகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.