தாளில் பெயரில்லாத சேரி

நிலவரைபடம் படிக்கிறதுன்னா பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடம், மார்க்கு வாங்கிட்டு மறந்துடற சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆண்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. 1767ல் நில அளவைத் துறையைத் தொடங்கிய கும்பெனிக்காரன் 1802ல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து முக்கோண அளவையை ஆரம்பித்தான். வரி போடவும் படை நடத்தவும் அவனுக்கு அது வேண்டியிருந்தது. நமக்கு வேறு காரியத்துக்கு வேண்டியிருக்கிறது.

கள்ளக்குறிச்சித் தாளை விரித்துப் பாருங்கள். 1:50,000 அளவு, தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. மேற்கே பழுப்புக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம் கல்வராயன் மலைச் சரிவு. கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். கோடுகள் வளைந்து மேட்டுப் பக்கம் கூராக நீட்டுகிற இடமெல்லாம் ஓடை. அப்படி இறங்கி வருகிற ஓடைகள்தான் கோமுகி ஆகின்றன. மலைமேல் விட்டுவிட்டுக் கோடு போட்டிருப்பது ஒற்றையடிப் பாதை. நூலை வைத்து அளந்தால் நாலு கி.மீ. வரும். ஆனால் எத்தனை பழுப்புக் கோடுகளைத் தாண்டுகிறது என்றும் எண்ண வேண்டும். ஒன்றுக்கு 20 மீட்டர் ஏற்றம். பிரசவ வலி வந்தவளை டோலி கட்டித் தூக்கிப்போகிறவனுக்கு அந்த எண்ணிக்கைதான் தூரம். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் கிடந்த மலை அது. காப்புக்காட்டு எல்லைக்கோடு எந்தக் குடியிருப்பை உரசிப் போகிறது என்று பார்த்து வையுங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி மனு எழுதும்போது உதவும்.

இனி சமவெளி. ஏரி, கரை, கரைக்குக் கீழே ஆயக்கட்டு, நடுவில் சிவப்புக் கட்டங்களாக ஊர். பெயர் ஊருக்குத்தான். கொஞ்சம் தள்ளி, வயலுக்கு அந்தாண்ட, இன்னொரு சிவப்புக் கொத்து பல இடங்களில் தெரியும். பல சமயம் அதற்குப் பெயரே இராது. அதுதான் நாம். தீண்டாமை தாளில் செ.மீ. கணக்கில் அச்சாகியிருக்கிறது. ‘காலனி’ என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அரசு அறிவித்தது. சரி, சொல் போகட்டும். அந்த இடைவெளியை எவன் நீக்குவது? கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே இருக்கிற கருணாபுரத்தின் பெயர் நாட்டுக்குத் தெரிய 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் சாவு விழ வேண்டியிருந்தது. செத்தவர்கள் அறுபதுக்கும் மேல்.

தாளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 20 மீட்டர் இடைவெளிக் கோட்டில் சமவெளியின் பள்ளம் தெரியாது. மழைக்கு முதலில் முங்குகிற தெரு எது என்று நம்ம கிழவிகளைக் கேட்டால்தான் தெரியும். புல எண்ணும் இதில் இராது. பஞ்சமி நிலம் தேட இந்தத் தாள் மட்டும் போதாது. 1892 ஆணைப்படி தந்தது எவன் கையில் இருக்கிறது என்பதற்குக் கிராம வரைபடம், புல வரைபடம், ‘அ’ பதிவேடு எல்லாம் வேண்டும். ஆனால் வாய்க்கால் எது, மேய்க்கால் எந்தப் பக்கம், சுடுகாட்டுப் பாதை எதைத் தாண்டுகிறது என்று மொத்தமாகப் பார்க்க இதுதான் வசதி. தாசில்தார் ‘அங்கே பாதையே இல்லியே’ என்றால் அரசாங்கத் தாளையே எடுத்து மேசையில் விரிக்கலாம்.

முன்னே இந்தத் தாள்களை வாங்கவே ஆயிரம் கெடுபிடி. 2005 கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது. 2017 முதல் அது இணையத்திலும் கிடைக்கிறது. கல்லூரித் தோழர்கள் உங்கள் ஊர் இருக்கிற தாளை இறக்கி, சேரியின் பெயர், குடிதண்ணீர்க் கிணறு, சுடுகாடு, அதற்குப் போகிற பாதை நாலையும் சிவப்பு மையில் குறித்து ஒரு நகல் இதழுக்கு அனுப்புங்கள். பெயரை நம்ம சனங்க சொல்கிறபடியே எழுதுங்கள்.