விறகுக்குத் தடை, அடுப்புக்கு அளவு எங்கே?

பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரி 9 அன்று பிறப்பித்த உத்தரவு மும்பைக்கானது. விறகிலும் கரியிலும் ஓடும் பேக்கரிகளும் உணவகங்களும் ஆறு மாதத்துக்குள் கேஸுக்கோ வேறு பசுமை எரிபொருளுக்கோ மாற வேண்டும் என்று அது சொன்னது. புதிதாக விறகு அடுப்புக்கு அனுமதி கிடையாது என்றும் சொன்னது. டெல்லியில் காற்று கெடும் நாட்களில் கரி தந்தூரிக்குத் தடை என்பது ஏற்கெனவே நடைமுறை. திருவண்ணாமலையை இவ்விரண்டும் இன்று கட்டுப்படுத்தாது. ஆனாலும் வேட்டவலம் சாலையில் சிறுகடை போட, இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கருக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள், "அண்ணா, இப்ப காசு போடலாமா?" என்று கேட்கிறார்கள். போடலாம். எதில் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வாரக் கடைசியில் மட்டும் ஐந்தாறு கிலோ இறைச்சி போடுகிறவருக்கு, புகையைத் தகட்டுக்கு அடியில் ஓட்டித் திருப்பும் ரிவர்ஸ் ஃப்ளோ வேண்டாம். அந்த பேஃபிள் தகடு சூடேறவே விறகு கணிசமாகப் போய்விடும். நாள் முழுக்க அறையை நிறைத்து வைப்பவருக்குத்தான் அது கட்டும். வாரக் கடைசிக் கடைக்கு, பக்கத்தில் ஃபயர்பாக்ஸ் வைத்த நேர் ஆஃப்செட் போதும். 200 லிட்டர் பீப்பாயில் அறை, அதன் கொள்ளளவில் மூன்றிலொரு பங்கு ஃபயர்பாக்ஸ், அதற்கு 6 மி.மீ. தகடு, உள்ளே ஃபயர் பிரிக். பழைய பீப்பாயின் உட்பூச்சை எரித்துச் சுரண்டாமல் இறைச்சியை வைக்காதீர்கள். புகைபோக்கி டேம்பர் எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கட்டும். ஃபயர்பாக்ஸைப் பெரிதாக அடித்துவிட்டு, பிறகு சூடு கூடுகிறதென்று காற்றை அடைப்பவர்தான் தெருவுக்கு வெள்ளைப் புகை அனுப்புகிறார். மணிக்கட்டுக் கனத்தில் பிளந்த காய்ந்த கட்டையை ஃபயர்பாக்ஸின் மேலேயே வைத்துச் சூடேற்றி, பிறகு தணலில் போடுங்கள். உடனே பற்றும், புகைபோக்கி வாயில் மெல்லிய நீலம் தெரிவதோடு சரி.

ஆக, விறகு ஒன்றுதான். புகையைத் தீர்மானிப்பது அடுப்பு. இதைத்தான் அதிகாரிகள் கணக்கில் எடுப்பதே இல்லை.

மும்பை நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே பேக்கரி அடுப்புகளில் பழைய மரச்சாமான்களின் கழிவு மரம், பெயின்ட்டும் பசையுமாக, நிறையவே எரிந்தது. நம் கதை வேறு, இங்கே எரிவது சீமைக்கருவேலம். அதை வேரோடு அகற்றச் சொல்லி நம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அயல் தாவரங்களை ஒழிக்க 2022இல் மாநில அரசு கொள்கையே வகுத்தது. டெக்சாஸ்காரர்கள் பார்பிக்யூவுக்குப் பெருமையாக எரிக்கும் மெஸ்கீட் இந்த மரத்துக்கு நெருங்கிய சொந்தம். வெட்டச் சொன்ன மரத்தை எரிக்காதே என்றும் நாளை இங்கே உத்தரவு வந்தால், வெட்டியதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

வீட்டு அடுப்புக்கு அளவு உண்டு. இந்தியத் தரநிலை ஐஎஸ் 13152இன் 2013ஆம் ஆண்டுத் திருத்தப்படி, இயற்கை இழுவை அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீத வெப்பத்திறன் வேண்டும். பாத்திரத்தில் சேரும் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் துகள் 350 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனை, பாத்திரமே இல்லாத நம் ஸ்மோக்கர் அறைக்கு எப்படிப் பொருந்தும்? ஸ்மோக்கருக்கென்று ஒரு சோதனை வையுங்கள் என்று கேட்டால் ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டுகிறது. கார்த்திகை தீபத்துக்கு இங்கே வந்து குவியும் டீசல் பேருந்துகளைப் பாருங்கள்: அளவு உண்டு, கருவி உண்டு, புகைச் சான்று உண்டு. டீசலே கூடாதென்று யாரும் சொல்லவில்லை. எட்டுக்குப் பத்துக் கடைக்காரனிடம் மட்டும் "விறகா, கேஸா?" என்ற ஒரே கேள்வி. ஆய்வுக்கு வந்தவர்களில் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? அளவைச் சொன்னால் அதற்கேற்ற அடுப்பை வெல்டிங் பட்டறையில் அடித்துக் கொடுக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. அளவைச் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த அளவு வரும்வரை, புதிதாக உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுப்பவர்கள் தகட்டுக் கனம், புகைபோக்கி உயரம், எரிக்கும் மரம் மூன்றையும் எழுதி, அடுப்பின் படத்தோடு இணைத்து, நகலைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது, தனித்தாளில் எழுதுங்கள்.