சூழல் பற்றிய தகவலைக் கேட்டறிவது எமது உரிமை

ஓர் ஊரின் நிலம், நீர், கடல் தொடர்பில் அரச நிறுவனமொன்று எடுக்கும் தீர்மானத்தின் விளைவைச் சுமக்கப் போகிறவர்கள் அவ்வூர் மக்களே. ஆயினும் எமது பகுதிகளில் மக்களுக்குத் தெரியவருவது பெரும்பாலும் அந்த விளைவு மட்டுமே. கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கும் போதும், கரையோரத் தென்னைகள் கடலில் சரியும் போதுந்தான், இதற்கு அனுமதி வழங்கியது யார், எந்த நிபந்தனைகளின் கீழ் வழங்கினார்கள் என்ற கேள்விகள் எழுகின்றன. அக்கேள்விகளை முற்கூட்டியே எழுப்புவதற்குச் சட்டம் இன்று வழி திறந்திருக்கிறது. அவ்வழியில் நாம் செல்கிறோமா என்பதே சிந்திக்க வேண்டியதாகும்.

இந்நாட்டில் தகவல் அறியும் உரிமை வேரூன்றியதில் ஒரு சூழல் வழக்குக்குப் பெரும் பங்குண்டு. கொழும்பு காலிமுகத்திடலின் முகாமைத்துவம் தனியார் நிறுவனமொன்றிடம் கையளிக்கப்படவிருப்பதாகச் செய்தி வெளியானபோது, சுற்றாடல் அமைப்பொன்று அது தொடர்பான உடன்படிக்கையைத் தருமாறு நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுதியது. கோரிக்கை மறுக்கப்பட்டது. விடயம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. பொது விடயமொன்று பற்றிய தகவலைப் பெற முடியாவிடின் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் பொருளற்றதாகிவிடும் என்பதை ஏற்று, 2005 ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கடிதமும் அதற்குக் கிடைத்த மறுப்புமே அத்தீர்ப்புக்கு அடிப்படையாயின.

அதன் பின்னர் 2015 இல் அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் 14அ உறுப்புரையின் மூலம் இதனை அடிப்படை உரிமையாக்கியது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் இல்லாத காலத்தில் நாம் எதை இழந்தோம் என்பதற்குச் சுன்னாகமே சான்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறைகளுக்கிடையே தேங்கும் மழைநீரே அங்கு குடிநீரும் பயிர்நீருமாகும். அந்நீரில் கழிவெண்ணெய் கலந்தபோது, வெவ்வேறு அறிக்கைகள் வெவ்வேறு முடிவுகளைக் கூறின. தமது கிணற்று நீரைக் குடிக்கலாமா என்பதற்குக் கூட மக்களால் உறுதியான பதிலைப் பெற முடியவில்லை. 2015 இல் தாக்கல் செய்யப்பட்ட பொதுநல மனுவின் பேரில், தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 ஏப்ரலில் ஆகும். நட்டஈட்டினால் நிலத்தடி நீரைக் கழுவ முடியாது.

கிழக்கில் ஒலுவிலின் கதையும் இத்தகையதே. டென்மார்க்கின் கடனுதவியுடன் அமைக்கப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வடபுறத்தில் கடல் கரையை அரித்தது. தென்னந் தோப்புகளும் தோணிகள் கரையேற்றும் இடங்களும் பறிபோயின. அலைதடுப்பு அணைகள் கரையோர மணலோட்டத்தை எவ்வாறு மாற்றும் என்பது குறித்துத் திட்ட ஆவணங்கள் என்ன கூறின என்பதை, அக்கரையில் வாழ்ந்த மீனவர்கள் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

இன்று நிலைமை வேறு. 2025 இல் மன்னாரில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தமிழ், முஸ்லிம் மக்கள் வீதிக்கு இறங்கினர். போராட்டம் மக்களின் உரிமை. அதனோடு ஆவணமும் கையிலிருந்தால் அக்குரலை வெறும் அச்சமென எவரும் ஒதுக்கிவிட முடியாது.

ஆவணத்தைப் பெறுவதற்கான நடைமுறை கடினமானதன்று. ஒவ்வொரு பகிரங்க அதிகார சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். எழுத முடியாதவர் வாய்மூலம் கேட்கலாம். தகவல் எதற்கென்று காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். கோருபவரின் உயிருடன் தொடர்புடைய தகவலாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதிலளிக்க வேண்டும். தனிநபர் தயங்குமிடத்து, மீனவர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ பள்ளிவாசல் நிர்வாக சபையோ விண்ணப்பிக்கலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரசைகளாயிருந்தால் போதுமானது.

கேள்வியைக் கேட்கும் முறையும் முக்கியமானது. “எமது ஊர் ஏன் மாசடைகிறது?” என்று கேட்டால் விளக்கக் கடிதமொன்றே வரும். சுற்றாடல் பாதாிப்பு மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகள், குறித்த காலப்பகுதியின் நீர்ப் பரிசோதனை முடிவுகள், மணல் அகழ்வு அனுமதியில் குறிப்பிடப்பட்ட எல்லையும் அளவும் எனப் பெயரிட்டுக் கேட்டால், கோவையைத் திறந்தே ஆகவேண்டும்.

வணிக இரகசியம் என்ற காரணம் காட்டப்படலாம். ஆனால் தகவலை வெளியிடுவதிலுள்ள பொதுநலன் மேலோங்குமிடத்து அந்த விலக்கு நிலைக்காது. மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிட்டாவிடின், இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம். முதல் மறுப்புடன் சோர்ந்து விடுவதே எம்மவரின் பலவீனமாகும்.

மொழியும் ஒரு தடையாக இருந்து வருகிறது. தமிழில் எழுதிய கடிதத்துக்குப் புரியாத மொழியில் பதில் வருவதை நாம் பழக்கமாக ஏற்றுக்கொண்டு விட்டோம். அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை, தமிழில் தொடர்பாடவும் பதில் பெறவும் உரிமை வழங்குகிறது. ஆகவே தமிழில் கேட்போம், தமிழிலேயே பதிலை வலியுறுத்துவோம்.

எனினும் முழுச் சுமையையும் மக்கள் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதியிலான திட்டங்களையும், ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதியிலான திட்டங்களையும் பற்றிய தகவல்களை, ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டியது உரிய அமைச்சரின் கடமையென இதே சட்டத்தின் 9 ஆவது பிரிவு கூறுகிறது. அவசரத் திட்டங்களுக்கு மட்டுமே அக்காலம் ஒரு வாரமாகச் சுருங்கும். யாரும் கேட்காமலே நிறைவேற்றப்பட வேண்டிய கடமை இது. பிரதேச செயலக அறிவித்தற் பலகையில் தமிழில் ஒட்டப்படும் ஒரு தாள், பின்னாளில் பல வழக்குகளைத் தவிர்க்கும்.

சுன்னாகத்தின் கிணறும் ஒலுவிலின் கரையும் காலந்தாழ்த்திக் கேட்கப்பட்ட கேள்விகளின் விலையை எமக்கு உணர்த்தி நிற்கின்றன. அடுத்த ஊரின் கோவை இப்போது ஏதோ ஒரு காரியாலயத்தில் இருக்கிறது. அதில் ஒப்பமிடப்படும் முன்னர் அதனைக் கேட்டுப் படிப்பதே எமது மக்களும், மக்கள் பிரதிநிதிகளும் செய்ய வேண்டிய முதற் பணியாகும்.