தொப்புள்கொடிக்கு ஒரு காப்பீடாம்!

தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் உறையவைத்தால் அது குழந்தைக்கு "உயிரியல் காப்பீடு" என்கிறார்கள். தவணை வசதியும் உண்டு. சரி, எந்த ஆபத்துக்குக் காப்பீடு?

தலசீமியா போன்ற மரபணு நோய் வந்தால், சேமித்துவைத்த ஸ்டெம் செல்லிலும் அதே கோளாறுதான் இருக்கும். பிழையுள்ள நிரலை பேக்கப் எடுத்தால் பிழையும் சேர்ந்துதானே பத்திரமாக இருக்கும்?

அறிவியலில் குறையில்லை. 1988-ல் பாரிஸில் எலியான் குளுக்மன் குழு, ஃபான்கோனி ரத்தசோகை கொண்ட சிறுவனுக்கு உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சையைச் செய்தது. பையன் பிழைத்தான். ஆனால் அது அவனுடைய ரத்தம் அல்ல, அவன் தங்கையுடையது. வீட்டில் ஏற்கெனவே நோயுற்ற பிள்ளை இருந்தால் சேமிப்பதில் நியாயம் உண்டு. பொது வங்கிக்குத் தானம் கொடுத்தால் யாரோ ஒருவருக்கு உதவும். தனக்கே தனக்கு என்று பூட்டிவைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது.

"நாளைக்கு அறிவியல் வளருமே சார்?" வளரட்டும். சாதாரண செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்று ஷின்யா யமனாகா 2006-ல் எலியிலும், 2007-ல் மனிதத் தோல் செல்லிலும் காட்டினார். 2012-ல் நோபல் பரிசும் பெற்றார். அந்த நாளை வந்தால் நம் தோலே போதும், இவர்களுடைய உறைபெட்டி எதற்கு?

விற்பது செல் அல்ல, பெற்றோரின் பயம். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடுகிறோம். கவுன்சிலின் அந்த ஒரு வரியை இந்த ஒப்பந்தங்களின் முதல் பக்கத்தில் அச்சிடவைக்க அரசுக்கு என்ன தயக்கம்?