எட்டு ஆண்டு எதற்கு?

அடுத்த தலைமுறை ஏவூர்திக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரூ. 8,240 கோடி ஒதுக்கியபோது எல்லோரும் தொகையைப் பற்றியே பேசினார்கள். நமக்கு உறுத்துவது கூடவே வந்த கெடு: 96 மாதம். அந்த ஆண்டு திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் சேர்ந்த மாணவர் படிப்பை முடித்து, நான்காண்டு வேலையும் பார்த்த பிறகுதான் நம் ராக்கெட்டின் முதல் அடுக்கு தரைக்குத் திரும்புமாம்.

இது இனிமேல் கண்டுபிடிக்க வேண்டிய வித்தை அல்ல. ராக்கெட் செலவில் பெரும்பங்கை விழுங்குவது முதல் அடுக்கு. சில நிமிடம் எரிந்ததும் அதைக் கடலுக்குத் தாரை வார்க்கிறோம். 2019 டிசம்பரில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர் வலையில் பி.எஸ்.எல்.வி.யின் துணை மோட்டார் ஏறி வந்ததை நம் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி மீனவர்களும் மறந்திருக்க மாட்டார்கள். முதல் அடுக்கைத் திருப்பி எடுக்க, கொஞ்சம் எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டும். பிரிந்த அடுக்கு என்ஜினை மறுபடி பற்றவைத்து, வேகம் தணித்து, கால் விரித்து நிற்க வேண்டும். சுமக்கும் எடை சற்றுக் குறையும். ஆனால் ஒவ்வொரு தடவையும் புது அடுக்கு செய்ய வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் ஃபால்கன் 9-ஐ ஸ்பேஸ்எக்ஸ் இப்படித்தான் இறக்கியது. இன்று அங்கே ஒரே அடுக்கு 30 தடவைக்கு மேல் போய்வந்திருக்கிறது. அமைச்சரவை முடிவெடுத்து இரண்டே மாதத்தில், நம்முடைய 4,700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோளும் அதே ஃபால்கனில்தான் ஏறியது. அதைத் தூக்கும் தெம்பு நம் எல்.வி.எம்.-3 ராக்கெட்டுக்கு அப்போது இல்லை.

பொறியாளர்களைக் குறை சொல்ல வழியில்லை. 2007 ஜனவரியில் எஸ்.ஆர்.இ.-1 கலம் 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு வங்கக்கடலில் பத்திரமாக இறங்கியது. அடுத்த கலத்தைப் பறக்கவே விடவில்லை. 2016 மே மாதம் திரும்பப் பயன்படுத்தவென்று சிறகு வைத்துச் செய்த ஆர்.எல்.வி. கலம் 65 கி.மீ. உயரம் தொட்டது. அதை ஓடுபாதையில் இறக்கிப் பார்க்க 2023 ஏப்ரல் வரை ஏழு ஆண்டு. சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து விட்டதும் தானே வந்து இறங்கியது. 2024-ல் மேலும் இருமுறை இறங்கியது. அதற்கும் முன்னே, 1994-ல் தொடங்கிய கிரையோஜெனிக் திட்டத்தின் என்ஜின் 2014 ஜனவரியில்தான் வெற்றிகரமாகப் பறந்தது. குலசேகரன்பட்டினம் ஏவுதளமோ அடிக்கல் காண்பதற்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் கோப்பாகக் கிடந்தது.

ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. கோப்பைத் தூங்க வைத்த மேசைகள் மாறவில்லை. வெற்றி நாளில் முன்வரிசையில் நின்று கைதட்டுபவர்களை, தாமதத்துக்குப் பதில் சொல்லத் தேடினால் காணோம். எட்டு ஆண்டு கேட்டு வாங்கியவர்கள் பத்தாவது ஆண்டில் இன்னொரு கெடு கேட்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கெடுவைச் சுருக்க வேண்டும். பணம் வேளைக்குப் போய்ச் சேர வேண்டும், பொறுப்பேற்க ஆள் வேண்டும். 2032-ல் முதல் அடுக்கை இறக்கிக் காட்டினால் உலகம் வியக்காது. இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கும்.