வவுச்சர் இல்லாத பூமா

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் அமெரிக்கக் காட்டுப்பக்கம் போவோம்.

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே அடிரான்டாக் என்று ஒரு வனப்பகுதி. சுமார் 60 லட்சம் ஏக்கர். அங்கே பூமா (மலைச்சிங்கம் என்றும் சொல்வார்கள்) குடும்பம் குட்டியோடு வாழ்கிறது, அரசாங்கம்தான் மறைக்கிறது என்று ஒரு கூட்டம் பல வருஷமாகச் சத்தியம் செய்கிறது. "எங்க மாமா பார்த்தார்", "பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார்"... யாரைக் கேட்டாலும் இதே கதை.

நான் படிப்பது பி.காம். வவுச்சர் இல்லாத என்ட்ரியை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். இங்கே வவுச்சர் எங்கே?

புளோரிடாவைப் பாருங்கள். அங்கே இருப்பதே சுமார் 120 முதல் 230 வரை வளர்ந்த பூமாக்கள்தான். ஆனாலும் வருஷா வருஷம் வண்டியில் அடிபட்ட உடல்கள் கிடைக்கின்றன, கேமராவில் குட்டிகள் சிக்குகின்றன. அடிரான்டாக்கிலும் ரோடு இருக்கிறது, கேமரா இருக்கிறது, வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் காட்டில் பிறந்தது என்று உறுதியான ஒரு குட்டி கூட இல்லை.

"2011ல் கனெக்டிகட்டில் கார் மோதி ஒரு பூமா செத்ததே?" என்பார்கள். செத்தது உண்மை. மரபணுச் சோதனை செய்தால், அது தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலையிலிருந்து வந்த ஆண்! 2,400 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறது. வழியில் மின்னசோட்டா, விஸ்கான்சினில் தடயம். 2010 டிசம்பரில் அடிரான்டாக் ஓரம் லேக் ஜார்ஜில் முடி. ஒரே ஒரு வழிப்போக்கன் இத்தனை வவுச்சர் விட்டுப்போனான் என்றால், குடும்பமே இருந்தால் எத்தனை கிடைக்க வேண்டும்? அவர்கள் கூட்டிவந்த சாட்சியே அவர்களுக்கு எதிராகப் பேசுகிறது.

சரி, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இங்கேதான் எனக்குக் கோபம். 2018ல் கிழக்குப் பூமா அழிந்துவிட்டது என்று பாதுகாப்புப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். பெண் பூமாக்கள் பெரும்பாலும் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். ஆண்கள் மட்டும் எத்தனை நடந்து வந்தாலும் குட்டி பிறக்காது. சீக்கிரம் திரும்ப வேண்டுமென்றால் மனிதன்தான் கொண்டுபோய் விட வேண்டும். "அதான் ஏற்கனவே இருக்கே" என்கிறவர்கள் அந்தப் பேச்சுக்கே குழி தோண்டுகிறார்கள். இல்லாத சரக்கை ஸ்டாக்கில் காட்டினால் யார் ஆர்டர் போடுவார்கள்?

பூமா மேல் பாசம் உள்ளவர்களே, முதலில் கணக்கில் "இல்லை" என்று எழுதுங்கள். அப்புறம் வரவழைக்க வழி பார்க்கலாம்.